கீமோ நாட்களில் நம் அடுப்படி

போன மாதம் ஒரு நண்பர் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார். ஆறு ஏக்கரில் பாரம்பரிய நெல் மட்டுமே போடுகிறவர். அவர் மனைவிக்கு மார்பில் கட்டி. பரிசோதனை முடிவு வந்து, கீமோ ஆரம்பிக்கத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். "சார், நம்ம வயல்ல பத்து வருஷமா ஒரு சொட்டு மருந்து அடிக்கல. அவ உடம்புல மட்டும் விஷத்தை ஏத்தணுமா? மூணு மாசம் சாறு வைத்தியம் பார்த்துட்டு அப்புறம் போகலாம்னு இருக்கோம்" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏனென்றால் இதே பேச்சை நானும் பேசியிருக்கிறேன். என் மனைவிக்கு இதே நோய் வந்தபோது நாங்கள் பத்து வாரம் தள்ளிப்போட்டோம். அருகம்புல் சாறு, கோதுமைப்புல் சாறு, முள்சீத்தா இலைக் கஷாயம், அரிசியும் வெல்லமும் நிறுத்தம், வாரம் ஒரு நாள் உபவாசம். முதல் ஸ்கேனில் இரண்டரை சென்டிமீட்டர் இருந்த கட்டி, இரண்டாவது ஸ்கேனில் நான்கு. 59 கிலோ இருந்தவர் 54 கிலோவுக்கு வந்துவிட்டார். சிகிச்சை முடிந்து இன்று நன்றாக இருக்கிறார், களை எடுக்கும் ஆட்களை அதட்டுகிறார். ஆனாலும் அந்தப் பத்து வாரம் என் கணக்கில் வாராக்கடன்தான்.

நான் மருத்துவர் இல்லை. முப்பத்தைந்து வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவன், அப்புறம் விவசாயி. கீமோ நடந்த ஆறு மாதமும் வீட்டில் சமைத்தவன். நம் இயக்கத்துக் குடும்பங்களில் இந்த நோய் வரும்போது தடுமாறுகிற இடங்கள் எவை என்று அந்த ஆறு மாதத்தில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் இந்த விஷம் என்ற பேச்சு. விஷம்தான், மறுப்பதற்கில்லை. இந்த வகை மருந்துகளில் முதலாவது 1940-களில், போரில் பயன்பட்ட கடுகு வாயுவை ஆராயப் போனதில் கிடைத்தது. ஆனால் என் மனைவிக்கு ஏற்றிய சிவப்பு மருந்து இருக்கிறதே, டாக்சோரூபிசின், அது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண்வாழ் நுண்ணுயிரிடமிருந்து வந்தது. முதல் மழைக்கு மண் வாசம் எழும்புமே, அந்த வாசத்தைத் தருவதும் அதே இனம்தான். அடுத்துக் கொடுத்த பாக்லிடாக்சல், பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து முதலில் பிரித்தெடுத்தது. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிரிஸ்டின், நம் வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து வருகிறது. தென் மாவட்டங்களில் அதைச் சாகுபடியே செய்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடித்துவிடாதீர்கள். இலையில் எவ்வளவு இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் உயரம், எடை பார்த்து, ரத்தப் பரிசோதனை பார்த்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றுகிறார்கள். வயலில் பூச்சி வந்தாலும் வராவிட்டாலும் டேங்க் டேங்காக அடிப்பதையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இந்த மருந்து என்ன செய்கிறது? வேகமாகப் பிரிந்து பெருகுகிற செல்களைத் தாக்குகிறது. புற்றுச் செல் அப்படிப் பெருகுவது. ஆனால் முடியின் வேர், வாய் முதல் குடல் வரை உள்ள உள்தோல், எலும்பு மஜ்ஜை இவையும் வேகமாகப் பெருகுகிறவைதான். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, வயிறு கெடுகிறது. எலும்பு மஜ்ஜை அடிபடுவதால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைகின்றன. பல மருந்துகளுக்கு, ஏற்றிய நாளிலிருந்து ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் நடுவில் அந்த எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும். பிறகு மெல்ல ஏறும். ஏறியதும் அடுத்த தவணை.

அந்த ஏழெட்டு நாட்களில்தான் நம் கொள்கை தலைகீழாக மாறுகிறது. நாம் நுண்ணுயிரை வளர்க்கிறவர்கள். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், மண்புழு உரம் எல்லாம் அதற்குத்தான். ஆரோக்கியமான உடம்புக்கு அதனால் தொந்தரவு இல்லை. வெள்ளணு இல்லாத உடம்புக்கு அதே நுண்ணுயிர் எமன்.

எங்களுக்கு இது பட்டுத்தான் புரிந்தது. இரண்டாவது கீமோ முடிந்து பதினோராம் நாள். காலையில் வழக்கம்போல நம் தோட்டத்துக் கோதுமைப்புல்லைப் பிடுங்கி, கழுவி, அரைத்து, பச்சையாகக் கொடுத்தேன். அதோடு ஒரு கிண்ணம் முளைகட்டிய பயறு. அதற்கு முந்தின சில நாட்களும் அப்படித்தான். சாயங்காலம் அவருக்குக் குளிர் எடுத்தது. தெர்மாமீட்டர் 101 காட்டியது. நிலவேம்புக் கஷாயம் கொடுத்துப் படுக்க வைத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். மகள் போனில் கத்தினாள்: "அப்பா, டிஸ்சார்ஜ் பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க முதல்ல!" படித்தேன். 100.4 டிகிரி தாண்டினால் நேரம் பார்க்காமல் உடனே வரவும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. முப்பத்தைந்து வருடம் ஊரார் பத்திரங்களை வரி விடாமல் படித்தவன், அந்த ஒரு தாளைப் படிக்கவில்லை.

நள்ளிரவில் போய்ச் சேர்ந்தோம். வெள்ளணுக்கள் மிகவும் குறைவு. ஐந்து நாள் ஊசி வழி ஆன்டிபயாடிக். அந்தச் சாறும் பயறும்தான் காரணமா என்று டாக்டரைக் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, பல நேரம் நம் குடலில் இருக்கிற கிருமியே போதும் என்றார். "ஆனா காலையில வரலாம்னு இருந்திருந்தா நான் உங்ககிட்ட இப்படி நின்னு பேசிட்டிருக்க மாட்டேன்" என்றும் சொன்னார். ஆகவே வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: வீட்டில் தெர்மாமீட்டர் இருக்க வேண்டும், 100.4 டிகிரி, அதாவது 38 செல்சியஸ் வந்தால் அது அவசரம். டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைக்கவும் கூடாது.

அதற்குப் பிறகு அடுப்படியில் நான் மாற்றியவை இவை. பச்சைச் சாறு எதுவும் கிடையாது. முளைகட்டிய பயறு வேண்டுமானால் நன்றாக வேகவைத்து மட்டும். கீரை, கொத்தமல்லி, புதினா எல்லாம் கொதித்த பிறகுதான் தட்டுக்கு வரும். பச்சைக் கொத்தமல்லியை ரசத்தில் கடைசியாகக் கிள்ளிப் போடுகிற பழக்கத்தை விட்டேன். நாம் அறுவடைக்கு இரண்டு நாள் முன்பு வரைக்கும் ஜீவாமிர்தம் தெளிக்கிறோம். அதில் இருப்பது சாணமும் கோமியமும். ரசாயனம் இல்லாத கீரை என்றால் கிருமி இல்லாத கீரை என்று அர்த்தமாகாது. நம் வாடிக்கையாளர்களிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

கறந்த பாலைப் பச்சையாகக் குடிக்கக் கூடாது, பொங்கக் காய்ச்ச வேண்டும். முட்டை கெட்டியாக வெந்திருக்க வேண்டும், ஆஃப்பாயில் வேண்டாம். தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியது. போர் தண்ணீர் சுத்தமானது என்று நாமாக நினைத்துக்கொள்வதுதான். நான் பரிசோதித்ததே இல்லை. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைப்பதில்லை. வாழைப்பழம், ஆரஞ்சு, மாதுளை போன்ற தோல் உரிக்கிற பழங்களைக் கழுவி, வீட்டில் உரித்துக் கொடுத்தேன். பழமே கூடாது என்று சில இடங்களில் சொல்கிறார்கள். அப்படி முழுக்க ஒதுக்குவதால் தொற்று குறைகிறது என்று ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை என்று எங்கள் உணவியல் நிபுணர் விளக்கினார். சுத்தமாகக் கையாள்வதுதான் முக்கியம். உங்கள் மருத்துவமனை என்ன சொல்கிறதோ அதன்படி.

பழைய சோறு. இதை எழுதக் கை கூசுகிறது, ஏனென்றால் இந்த இதழிலேயே நான் பழைய சோற்றைப் புகழ்ந்து எழுதியிருக்கிறேன். ராத்திரி முழுவதும் வெளியில் ஊறுகிற சோற்றில் நல்லதும் வளரும், கெட்டதும் வளரும். நமக்குச் சரி. கீமோ முடியும் வரை அவருக்கு வேண்டாம். காய்ச்சிய பாலில் வீட்டில் உறை ஊற்றிய புதுத் தயிரை எங்கள் மருத்துவமனையில் அனுமதித்தார்கள். எண்ணிக்கை மிகவும் இறங்கிய வாரத்தில் மட்டும் அதையும் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த பெரிய விஷயம் புரதம். 'சர்க்கரை புற்றுக்குத் தீனி, அதனால் பட்டினி போட்டால் புற்று சாகும்' என்று நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கலாம். புற்றுச் செல் சர்க்கரையை அதிகமாக எடுத்துக்கொள்வது உண்மைதான், 1920-களிலேயே வார்பர்க் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி கண்டறிந்தது. ஆனால் நம் மூளையும் ரத்த அணுக்களும் சர்க்கரையைத்தான் உண்கின்றன. நாம் சாப்பிடாவிட்டால் உடம்பு தன் தசையைக் கரைத்துச் சர்க்கரை செய்துகொள்ளும். புற்று பட்டினி கிடக்காது, ஆள்தான் கரைவார். எடை இறங்கினால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரும், தேதி தள்ளிப்போகும். சிகிச்சையே அங்கே அடிபடுகிறது.

சிகிச்சைக் காலத்தில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், 25 முதல் 30 கலோரி என்பது பொதுவான கணக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது மாறும். 54 கிலோவுக்கு 65 முதல் 80 கிராம் புரதம். நான் ஒரு பழைய லெட்ஜரை எடுத்து, சாறு குடித்த நாட்களில் அவர் சாப்பிட்டதை நினைவிலிருந்து எழுதிக் கூட்டிப் பார்த்தேன். 25 கிராம்கூட வரவில்லை. தினமும் பற்று அதிகம், வரவு குறைவு. பத்து வாரத்தில் ஐந்து கிலோ எங்கே போயிற்று என்பதற்கு அந்தப் பக்கமே பதில்.

அப்புறம் ஒரு நாள் கணக்கு இப்படி ஆனது: இரண்டு நாட்டுக்கோழி முட்டை 12 கிராம், இரண்டு டம்ளர் பால் 13, ஒரு கிண்ணம் தயிர் 6, ஐம்பது கிராம் பருப்பு 11, ஒரு பெரிய துண்டு மீன் 18, அரிசியிலும் இட்லியிலுமாக 10. மொத்தம் 70. மீன் இல்லாத நாளில் வறுத்த நிலக்கடலையும் எள்ளும் பொடித்துக் கஞ்சியில் கலந்தேன். கடலையில் ஒன்றிரண்டு பூசணம் பிடித்திருந்தால் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியைப் பயன்படுத்துகிறோம் அல்லவா, அதைச் செய்யாதீர்கள். அந்தப் பூசணத்தின் நஞ்சான அஃப்லாடாக்சின் கல்லீரலுக்குக் கெடுதல், வறுத்தாலும் முழுதாகப் போகாது. சைவக் குடும்பமாக இருந்தால் பாலையும் பயறையும் கூட்டி, பனீர் சேர்த்து இதே எண்ணைக் கொண்டுவரலாம். கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

சிறுதானியக்காரர்கள் கோபப்படுவீர்கள். கருப்புக் கவுனியும் வரகும் நல்ல வாரத்தில் கொடுத்தேன், குழைய வேகவைத்து. வாயில் புண் இருக்கும்போதும் வயிற்றுப்போக்கின்போதும் அந்த நார் எதிரி. அப்போது தீட்டிய வெள்ளை அரிசியைக் குழைத்துத்தான் ஊட்டினேன். மலச்சிக்கல் வந்தால் மறுபடி கவுனி. வாந்திக்குக் கொடுக்கிற ஆன்டன்செட்ரான் மாத்திரையே மலச்சிக்கலைத் தரும், பலருக்கு இது தெரிவதில்லை.

கீமோ தொடங்குவதற்கு முன் கிடைக்கிற ஒன்றிரண்டு வாரத்தை வீணாக்காதீர்கள். நன்றாகச் சாப்பிட வைத்து எடையைப் பிடித்து நிறுத்துங்கள். பல் டாக்டரிடம் ஒரு முறை காட்டுங்கள். சொத்தைப் பல் வெள்ளணு குறைகிற வாரத்தில் பெரிய தொல்லையாகும். வேப்பங்குச்சியையும் அதோடு நிறுத்தி, மிருதுவான பிரஷ்ஷுக்கு மாறிவிடலாம். குச்சி ஈறைக் கீறினால் ரத்தமும் நிற்காது, கிருமியும் நுழையும். அத்துடன் இதுவரை குடித்த கஷாயம், சூரணம், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள். எங்களைத் திட்டவில்லை, ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலில் அவர் முதலில் அடித்தது முள்சீத்தா. அதில் அனோனசின் என்ற நரம்பு நஞ்சு இருக்கிறது. கரீபியன் பகுதியில் குவாடலூப் தீவில் அந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாகச் சாப்பிட்டவர்களிடம் நடுக்குவாதம் போன்ற ஒரு நோய் காணப்பட்டு, அதோடு தொடர்புபடுத்தப்பட்டது. பாக்லிடாக்சலே விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்கிற மருந்து. அதன்மேல் இதுவும் எதற்கு? சமையலில் போடுகிற மஞ்சள், மிளகு, இஞ்சி பற்றிப் பயமில்லை. மஞ்சளின் சத்தை அடர்த்தியாக்கிக் கேப்சூலில் விற்கிறார்களே, அந்த மாதிரி எதையும் கேட்காமல் தொடக் கூடாது. கீமோ மருந்தை உடைப்பதும் நம் மூலிகையை உடைப்பதும் ஒரே கல்லீரல்தான்.

இனிச் சாப்பிட வைக்கிற பாடு. வாந்தி மாத்திரையை வாந்தி வந்தபின் கொடுப்பதில் பயனில்லை, எழுதிக் கொடுத்த நேரத்தில் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். மூன்று வேளை கணக்கை மறந்துவிட்டு ஆறு ஏழு தடவை, ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. தாளிக்கிற வாசம் குமட்டியதால் அடுப்பைப் பின் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். சூடாகக் கொடுப்பதைவிட ஆறியதும் கொடுத்தால் வாசம் குறைவு, உள்ளே போனது. எவர்சில்வர் ஸ்பூன் துரு மாதிரி இருக்கிறது என்றார். மரக் கரண்டி சரியாக இருந்தது. வாய்ப்புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் ஸ்பூன் சமையல் சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, நாளைக்கு நாலைந்து முறை கொப்பளிக்க வேண்டும், விழுங்கக் கூடாது. ஊறுகாயும் காரமும் அந்த நாட்களில் தூர இருக்கட்டும்.

ஒரு தப்பு செய்தேன். முதல் கீமோ அன்று அவருக்குப் பிடித்த விரால் குழம்பு வைத்து, தெம்பாக இருக்கட்டும் என்று சாப்பிட வைத்தேன். ராத்திரி முழுக்க வாந்தி. அன்றிலிருந்து விரால் என்று சொன்னாலே முகம் சுளிக்கிறார், இன்று வரை. மனசு அந்த வாந்தியை அந்த உணவோடு முடிச்சுப் போட்டுவிடுமாம். மருந்து ஏற்றும் நாளில் பிடித்த பண்டத்தைக் கொடுக்காதீர்கள்.

தோட்டத்தில் அவர் சும்மா இருக்க மாட்டார். காலையில் வரப்பில் அரை மணி நேரம் நடப்பது நல்லது, சோர்வைக்கூடக் குறைக்கும் என்றார்கள், குறைத்தது. ஆனால் எருக்குழி, மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர், மூடாக்கு விரிப்பது எல்லாம் தடை. மக்குகிற பொருளைக் கிளறும்போது கிளம்பும் பூசண வித்து நுரையீரலில் போய் உட்காரும். வெறுங்காலோடு நடப்பதும் வேண்டாம்.

இன்னொன்று, நம் இதழ் வாசகர்களுக்கு மட்டுமே சொல்ல வேண்டியது. எங்கள் வீட்டில் குளியலறைத் தண்ணீர் வாழைக்குப் போகிறது. சிறுநீரைச் சேர்த்து உரமாக்குகிறவர்களும் நம்மிடம் உண்டு. மருந்து ஏற்றியபின் முதல் 48 மணி நேரம் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து வெளியே வரும். அந்த இரண்டு நாளும் செப்டிக் டேங்குக்குப் போகிற கழிவறையை மட்டும் பயன்படுத்தி, மூடியை மூடி, இரண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். சுத்தம் செய்கிறவர் கையுறை போட வேண்டும். டாக்சோரூபிசின் ஏற்றினால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தம் இல்லை, பதற வேண்டாம்.

நண்பரிடம் அன்றிரவு ஒரு மணி நேரம் இதையெல்லாம் சொன்னேன். அவர் ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, "பார்க்கிறேன் சார்" என்று வைத்துவிட்டார். போன வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டார், ஆஸ்பத்திரி வாசலிலிருந்து. முதல் தவணை ஏற்றியாகிவிட்டதாம். "வீட்டுக்குக் கிளம்புறோம். ராத்திரிக்கு என்ன சார் கொடுக்கட்டும்? அவளுக்கு நண்டுன்னா உயிரு."

நண்டு வேண்டாம், குழைந்த சாதத்தில் பருப்பு ரசம் ஊற்றி, பாதி ஆறவிட்டுக் கொடுங்கள் என்றேன். தெர்மாமீட்டர் வாங்கிவிட்டீர்களா என்று கேட்டேன். எதிரில் மருந்துக் கடை இருக்கிறது, இதோ போகிறேன் என்றார்.